குஞ்சின் காலும் செய்தித்தாளும்

மயிலாப்பூர் வீதியில் வாங்கிய கோழிக்குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்துகொண்டால், ‘பிறவிக் குறை, பிழைக்காது’ என ஒதுக்குவது முறையன்று. பல சமயம் குற்றவாளி, பெட்டியில் நாம் விரித்த செய்தித்தாளே! வழவழப்பான தாளில் உராய்வு குறைவு. பிடிப்பில்லாத பாதம் வெளிப்புறம் சறுக்கும். தாளை அகற்றிச் சொரசொரப்பான துணி விரியுங்கள். பொரிந்த சில நாட்களுக்குள், இயல்பாக நிற்கும் இடைவெளி விட்டு, இரு கால்களையும் பிளாஸ்திரியால் இறுக்காமல் இணையுங்கள். எலும்பு இளசாதலால் பெரும்பாலும் நேராகிவிடும். ஆகாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

1890களில் ஜாவாவில் கால் தளர்ந்த கோழிகளைக் கண்ட டச்சு மருத்துவர் ஐக்மன், காரணம் தேடினார். தீட்டிய அரிசித் தீனி என்று கண்டார். வைட்டமின் அறிவுக்கு அது வழிதிறந்தது; 1929இல் நோபல் பரிசும் கிடைத்தது. ‘விதி’ என்னுமுன் ‘ஏன்?’ என்று கேளுங்கள்.