ஒப்பாரி எங்களுடையது, பட்டம் யாருடையது?

என் ஆயாவுக்குக் கைநாட்டுதான். ஆனால் சாவு வீட்டில் அவள் உட்கார்ந்து அழுதால் சேரியே நின்று கேட்கும். எம்.ஏ. தமிழ் முடித்த கையோடு, அவளுடைய ஒப்பாரிகளை ஆராய வேண்டும் என்று ஒரு பேராசிரியரிடம் போய் நின்றேன்.

“நல்ல விசயந்தாம்பா. ஆனா ஒங்க ஆளுங்களப் பத்தி நீயே எழுதினா நடுநிலை இருக்காதே. நீ சங்க இலக்கியத்துல உவமை எடுத்துக்க. பாட்டையெல்லாம் பதிவு பண்ணி எங்கிட்ட குடு.”

கொடுத்தேன். கைடு கையெழுத்துப் போட்டால்தானே உதவித்தொகை வரும்! இரண்டு வருசம் அவர் வீட்டுக் கரண்டு பில் கட்டினேன். அவர் புத்தகத்துக்குப் பிழை திருத்தினேன். அதற்குள் அவரிடமிருந்த ஊர்த்தெரு மாணவர் ஒருவர் ஆயாவின் பாட்டுகளை வைத்து முனைவராகிவிட்டார். இன்று கல்லூரியில் வேலை. அந்த ஆய்வேட்டில் ஆயா, தகவலாளிகள் பட்டியலில் பதினேழாவது பெயர். நான் பாதியிலேயே வெளியே வந்தேன்.

அதென்ன அய்யா நடுநிலை? பார்ப்பனர் வேதத்தை ஆராய்ந்தால் புலமை. சைவ வேளாளர் சித்தாந்தத்தை ஆராய்ந்தால் மரபு. பறையன் பறையை ஆராய்ந்தால் மட்டும் சார்பா?

அந்தக் கைடு வாயால் சொன்னதை மத்திய அரசு விதியாகவே எழுதியது. வெளிநாட்டில் படிக்க தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. மொத்தம் 125 இடங்கள், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. 2022இல் புது விதி போட்டார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்தப் பணம் கிடையாதாம். வெளிநாடு போ, எஞ்சினியரிங் படி, சாதியைப் பற்றி மட்டும் அங்கே வாய் திறக்காதே. வேறென்ன அர்த்தம்?

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனவர் அம்பேத்கர். 1916 மே 9 அன்று ஒரு கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அதே ஆய்வுக்கு இன்று ஒரு தலித் மாணவி விண்ணப்பித்தால் அரசாங்கம் கதவைச் சாத்தும்.

இதையெல்லாம் இங்கேயே படிக்க வசதி இருக்கிறது என்கிறார்கள். என்ன வசதி? அய்தராபாத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத் தோழர் ரோகித் வெமுலாவின் உதவித்தொகையை மாதக்கணக்கில் நிறுத்தினார்கள், விடுதியை விட்டுத் துரத்தினார்கள். 2016 சனவரி 17இல் அவர் உயிரை விட்டார். சேலத்திலிருந்து தில்லி ஜே.என்.யு. போன முத்துக்கிருட்டிணன், ஆய்வுச் சேர்க்கையிலும் நேர்முகத் தேர்விலும் சமத்துவம் இல்லையென்று எழுதினார். 2017 மார்ச்சில் பிணமாகத்தான் ஊர் திரும்பினார்.

ஆய்வுப்பொருளாக நாம் வேண்டும். ஆய்வாளராக வேண்டாம். இதுதான் இவர்கள் நடுநிலை.

தோழர்களே, 2022 விதியை எடுக்கச் சொல்லிக் கேட்போம். நேர்முகத் தேர்வில் யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று வெளியிடச் சொல்வோம். கைடுக்குப் பயந்து பாட்டைத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

ஆயா இப்போது இல்லை. அவள் பாட்டுகளை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டம் தர மாட்டார்கள். தராவிட்டால் போகட்டும், முதல் பக்கத்தில் அவள் பெயர் இருக்கும்.