முதலில் திட்டாதீங்க!



மரக்காணம் பக்கம் போயிருக்கிறீர்களா? கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, பாத்தி பாத்தியாக உப்பளங்கள் தெரியும். வெயில் காலம் முழுக்க அங்கே வேலை நடக்கும். ஐப்பசி மழை பிடித்து விட்டால், பாத்தி எல்லாம் தண்ணீர், வேலை கிடையாது. வெயிலில் காய்ந்து சேர்த்த காசில் தான், மழைக்காலத்தை ஓட்ட வேண்டும்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். அம்மாவின் போனில், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் கேம் விளையாடுகிறாள். 'உனக்குப் பரிசு விழுந்திருக்கு. போனுக்கு வரும் நம்பரைச் சொல்லு' என்கிறான் யாரோ ஒருவன். சொல்லி விட்டாள். வங்கியில் இருந்த, 4,000 ரூபாய் போச்சு!

அடுத்து என்ன செய்வாள் தெரியுமா? வந்த எஸ்.எம்.எஸ்.,சை அழித்து விட்டு, வாயை மூடிக் கொள்வாள். 'உன்னை யாரு போனைத் தொடச் சொன்னது?' என்று தான், வீட்டில் முதலில் கேட்பர் என, அவளுக்குத் தெரியும்.

இது கற்பனை தான். ஆனால், உங்கள் தெருவிலேயே நடக்கக் கூடியது. அந்த முதல் கேள்வி, திருடனுக்குத் தான் உதவுகிறது என்பேன். ஏன் என்கிறீர்களா?

பணம் பறிபோனால், உடனே, 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். மத்திய அரசு, 2021ல் இந்த உதவியைத் தொடங்கிய போது, எண் 155260. பிறகு, 1930 ஆனது. எந்த வங்கி, எவ்வளவு பணம், எப்போது போனது என்று கேட்டு, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் அனுப்புவர். பணம் அங்கேயே இருந்தால், திருடன் எடுக்க முடியாமல் நிறுத்தி விடலாம். அவன் வேறு வேறு கணக்குக்கு மாற்றி விட்டால், மீட்பது கஷ்டம். ஆக, அந்தச் சிறுமி பயந்து மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும், திருடனுக்கு லாபம்!

இதைப் புரிந்து கொண்ட இருவர், நம் தமிழகத்தில் இருந்தனர். ஒருவர், வழக்கறிஞர் தேபாரதி ஹால்தர். இன்னொருவர், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலையில், குற்றவியல் பேராசிரியராக இருந்த ஜெய்சங்கர். இன்டர்நெட் குற்றங்களை ஆராயும் படிப்புக்கு, 'சைபர் கிரிமினாலஜி' என்று பெயர் வைத்தவர் இவர் தான்.

கடந்த, 2009ல், திருநெல்வேலியில், 'சென்டர் பார் சைபர் விக்டிம் கவுன்சிலிங்' என்ற தொண்டு அமைப்பை உருவாக்கினர். அப்போது ஸ்மார்ட் போன் வைத்திருந்தவர்களே குறைவு. ஆனாலும், படத்தைத் திருடி மிரட்டுவது, பெயரைக் கெடுப்பது எல்லாம் தொடங்கி விட்டது. பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்டு, எந்தச் சட்டம் துணைக்கு வரும், யாரிடம் புகார் தர வேண்டும் என்று வழிகாட்டுவது தான், அந்த அமைப்பின் வேலை.

அவர்கள், 2015ல் எழுதிய ஆய்வு ஒன்று, நம் வீடுகளுக்கும் பொருந்தும். பயமும், வெட்கமும் சேர்ந்தால், மனிதர் கோணல் வழியில் போவர். பழி வாங்கவோ, 'ஹேக்கர்' என்று சொல்லிக் கொள்பவனிடம் உதவி கேட்கவோ போய், தாங்களே சிக்கலில் மாட்டுவர் என்கின்றனர். பக்கத்தில் பொறுமையாகக் கேட்க ஒருவர் இருந்திருந்தால், அந்த நிலை வந்திருக்குமா?

அமெரிக்காவில் ஜெய்ன் ஹிட்ச்காக் என்று ஓர் எழுத்தாளர். ஒரு மோசடி நிறுவனம் பற்றி, மற்றவர்களை எச்சரித்தார். 1996ல், அவர் பெயரிலேயே இன்டர்நெட்டில் அசிங்கமாக எழுதி, வீட்டு முகவரியையும், போன் எண்ணையும் போட்டு விட்டனர். அவர் அழுது கொண்டு மூலையில் உட்காரவில்லை. இப்படிப் பாதிக்கப்படுவோருக்கு உதவும் தொண்டு அமைப்புக்குத் தலைமை ஏற்று, புதுச் சட்டங்களுக்காகவும் பாடுபட்டார்.

'நம்பரைச் சொன்னது அவள் தப்பு தானே?' என்று கேட்பீர்கள். கவனக்குறைவு தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், கதவைப் பூட்டாமல் தூங்கியவர் வீட்டில் புகுந்தாலும், திருடன் திருடன் தானே? பாடத்தை அப்புறம் சொல்லிக் கொள்ளலாம். முதலில் போன் போடணும்.

குட்டீஸ், உங்கள் தோழியோ, தம்பியோ இப்படி வந்து நின்றால், கேலி செய்யாதீர்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியமும் செய்யாதீர்கள். கையைப் பிடித்து, அம்மா, அப்பா, டீச்சர் யாரிடமாவது அழைத்துப் போங்கள். மெசேஜ்களை அழிக்க வேண்டாம். அவை தான் சாட்சி. படத்தை வைத்து மிரட்டினால், பணம் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கான, 1098க்குச் சொல்லலாம். 'பணத்தை மீட்டுத் தர்றோம். கட்டணம் கட்டு' என்று வருபவனையும் நம்பாதீர்கள். அவனும் அதே ஜாதித் திருடன் தான்!

இதைப் படிக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை தயங்கித் தயங்கி வந்து நின்றால், 'ஏன் தொட்டே?' என்று கேட்காதீர்கள். 'எப்போ நடந்தது?' என்று கேளுங்கள். அந்த உப்பளத்து அம்மா அப்படிக் கேட்டிருந்தால், மழைக்காலத்துக்கு வைத்திருந்த காசு ஒருவேளை திரும்பியிருக்கும். அடுத்த முறை எது நடந்தாலும், மகள் ஓடி வந்து சொல்லியிருப்பாள்.