நிற்காதே, போ

என் வயதொத்த நண்பர்கள் பலருக்கு இந்தப் பதிவு பிடிக்காது. பிடிக்காமலே படியுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாலை. காலாப்பட்டில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். மருமகன் ஓட்டினார், நான் முன் சீட்டில், மகள் பின்னால். சந்திலிருந்து வந்த ஒரு இரு சக்கர வண்டியை எங்கள் கார் இடித்தது. ஓட்டி வந்த பையன் சாலையோரம் போய் விழுந்தான். மருமகன் பிரேக் போட்டார். அப்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தை: "நிக்காதே, போ! அடிச்சுப் போட்டுடுவாங்க!"

மகள் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்: "அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க." அவள் இறங்கி ஓடினாள். நான் இருபது அடி தள்ளி, பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடிக்க அங்கே யாரும் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு டீக்கடைக்காரர், மீன்கூடையோடு ஒரு அம்மாள், அவ்வளவுதான். பையனுக்குக் கால் எலும்பு முறிவு. பிழைத்துக்கொண்டான். இன்றும் லேசாகக் காலை இழுத்துத்தான் நடக்கிறான். என் பேச்சை மருமகன் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காத நாள் குறைவு.

இத்தனைக்கும் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். தினமும் காலையில் 'லெசோன் த மொரால்' என்று ஒழுக்கப் பாடம் நடக்கும். ஆபத்தில் கிடப்பவருக்கு உதவாமல் போவது பிரெஞ்சுச் சட்டத்தில் குற்றம். வழியில் போகிறவருக்கும் அது பொருந்தும். இன்றைய தண்டனைச் சட்டத்தில் அதற்கு ஐந்து வருடம் வரை சிறையும் 75,000 யூரோ வரை அபராதமும் உண்டு. இதெல்லாம் தெரிந்த கிழவன்தான் அன்று "போ" என்றான்.

ஆகவே இளைஞர்கள் வேகமாக ஓட்டுகிறார்கள் என்ற புலம்பலை நிறுத்துவோம். விபத்துக்குப் பிறகு ஓடிப்போகச் சொல்வது பெரும்பாலும் பின் சீட்டில் இருக்கும் பெரியவர்கள்தான். "வம்பு வேண்டாம்", "கோர்ட்டு கேஸ் என்று அலையணும்", "ஏதாவது கொடுத்து முடிச்சுக்கோ" என்ற மூன்று மந்திரங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது நாம்தான்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அரசாங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் என்பதால் சட்டத்திலிருந்தே சொல்கிறேன்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு ஓட்டுநருக்கு மூன்று கடமைகளைச் சொல்கிறது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். போலீசுக்குத் தகவல் தர வேண்டும், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூட்டம் அடிக்க வருகிறதே என்பவர்களுக்கும் அதே பிரிவில் பதில் இருக்கிறது: கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நின்று உதவ முடியாமல் போனால் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் அந்த விலக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள அல்ல. நேராகப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய், 108ஐ வரச் சொல்ல வேண்டும்.

அடுத்து, உதவப் போனால் சாட்சியாக அலைய வேண்டுமே என்ற பயம். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உதவி செய்பவரைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019 திருத்தத்தில் 134-ஏ என்ற பிரிவே வந்துவிட்டது. பெயர் சொல்லக் கட்டாயமில்லை. ஆஸ்பத்திரியில் பிடித்து வைக்கக் கூடாது, பணம் கட்டச் சொல்லக் கூடாது. பிரான்சில் உதவாதவனைச் சட்டம் மிரட்டுகிறது. இங்கே உதவுபவனுக்குக் குடை பிடிக்கிறது. குடைக்குள் வரத்தான் ஆளில்லை.

மூன்றாவது மந்திரம்தான் மிகவும் கேவலமானது. ஐயாயிரமோ பத்தாயிரமோ கையில் திணித்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வது. அன்று டீக்கடை வாசலில் நானும் பர்ஸை எடுத்தேன், மறைக்க மாட்டேன். உள்ளடி பலது மறுநாள்தான் தெரியும். வேலை போனது அடுத்த மாதம்தான் தெரியும். போலீஸ் பதிவு இல்லாவிட்டால் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்பது பெரும்பாடு. மனு போடவும் ஆறு மாதம்தான் கெடு என்று சட்டம் சொல்கிறது. கட்டாய இன்சூரன்ஸ் எதற்காக இருக்கிறது? அந்தப் பையனுக்குக் கிடைக்க வேண்டிய பணத்தை மிச்சம் பிடித்துக் கம்பெனிக்குக் கொடுக்கும் வேலைதான் இந்த 'முடிச்சுக்கோ'.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை, எல்லை. அந்தச் சாலையில் கொஞ்ச தூரம் புதுவை, கொஞ்ச தூரம் தமிழ்நாடு, மறுபடி புதுவை. அன்று போனில் பேசியவர் "அது எங்க லிமிட் இல்லை" என்றார். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். லிமிட் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

பிரான்சில் இருக்கும் என் சித்தப்பா மகன் காரில் எப்போதும் 'கொன்ஸ்தா' என்றொரு படிவம் இருக்கும். வண்டிக்கு மட்டும் சேதம் என்றால் இரண்டு ஓட்டுநர்களும் சேர்ந்து நிரப்புவார்கள். எந்த வண்டி எங்கே நின்றது என்று படம் வரைந்து, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி. கையெழுத்து போட்டதால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகாது. நடந்ததை எழுதுவது வேறு, யார் குற்றம் என்பது வேறு. அதை இன்சூரன்ஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாமோ முதல் நிமிடத்திலேயே "யார் தப்பு?" என்று சட்டையைப் பிடிக்கிறோம். அடிபட்டவன் வெயிலில் கிடக்கிறான்.

என் மகள் அன்று செய்த வரிசையைச் சொல்கிறேன், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காரின் நான்கு விளக்குகளையும் மின்ன விட்டு, பின்னால் வரும் வண்டிகளை எச்சரித்தாள். பையனை இழுத்துத் தூக்க விடவில்லை. சோடா கொண்டு வந்தவரைத் தடுத்தாள். 108க்குப் பேசி, இடத்தைக் கடைப் பெயரோடு சொன்னாள். பையனின் போனை வாங்கி அவன் அம்மாவுக்குச் சொன்னாள். பிறகுதான் வண்டிகளைப் படம் எடுத்தாள். ஒரு நிமிடம்கூட "எங்க மேல தப்பில்லை" என்று பேசவில்லை.

அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்துத் திட்டவில்லை. "நின்னீங்களே, அது போதும்" என்றார். அந்த வார்த்தை என்னைச் சேராது என்று எனக்கு மட்டும் தெரியும், மகளுக்கும் மருமகனுக்கும் தெரியும்.

இனி காரில் ஏறும்போது பெரியவர்களாகிய நாம் ஒன்று செய்வோம். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைப்போம்: "ஏதாவது ஆனால் நிறுத்து. நான் போகச் சொன்னாலும் நிறுத்து."