ஒரு குமிழும் இரு தொழிலும்

கருவிகளின் பெருமை அவற்றின் பருமையில் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவியொன்று, மலைபோன்ற யந்திரத்தினும் மிக்க நுட்பம் உடையதாதல் கூடும். அத்தகைய கருவி ஒன்றைப்பற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். காசு இட்டு ஆடும் ஆர்கேட் யந்திரங்களில், சுழற்றவும் இழுக்கவும் தள்ளவும் தகுமாறு அமைந்த குமிழே அது. விளையாட்டுக் கருவியைப்பற்றிக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுதல் தகுமோ என்று ஐயுறுவார் சிலர் இருக்கலாம். அன்னோர் சிறிது பொறுத்துக் கட்டுரையை முடிவுவரை நோக்குவார்களாக.

1972ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு அடாரி நிறுவனத்தார் வெளியிட்ட பாங் என்னும் ஆட்டத்தில், மட்டையை ஏற்றி இறக்குதற்கு ஒரு குமிழ் இருந்தது. வானொலிப் பெட்டியின் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படும் குமிழைப் போன்றதே அதுவும். அதனடியில் உள்ள மின்தடை, குமிழ் திரும்பும் அளவிற்கு ஏற்ப மாறும். குமிழ் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதை யந்திரம் இதனால் உணரும். ஆயின் இரு கோடியிலும் தடையுண்டு. நாளடைவில் உள்ளிருக்கும் தடம் தேய்ந்து மட்டை நடுங்கும். 1981ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தார் வெளியிட்ட டெம்பஸ்ட் என்னும் ஆட்டத்திலோ, குமிழ் எத்தனை சுற்று வேண்டினும் தடையின்றிச் சுழலும். இவ்வகைக் குமிழுக்கே ஸ்பின்னர் என்று பெயர்.

ஸ்பின்னரின் இயல்பு யாது? குமிழின் தண்டிலே, விளிம்பெங்கும் துளைகள் வெட்டப்பெற்ற ஒரு சிறு சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரத்தின் ஒரு பக்கத்தே கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி வீசும் சிறு விளக்குகள். மறுபக்கத்தே அவ்வொளியை உணரும் இரு கண்கள். சக்கரம் சுழலுங்கால் ஒளி துளைவழிச் செல்வதும் பல்லால் மறைபடுவதும் மாறி மாறி நிகழும். இரு கண்களையும் நேருக்கு நேர் வையாது, துளையின் அளவிற்கேற்பச் சிறிது விலக்கி வைப்பர். இவ்வமைப்பின் உயிர்நிலை இதுவே. அங்ஙனம் வைத்தலால், வலப்புறம் சுழலும்போது முதற் கண் முன்னர் ஒளிபெறும். இடப்புறம் சுழலும்போது இரண்டாங் கண் முன்னர் ஒளிபெறும். எக்கண் முந்தியது என்பதைக்கொண்டே திசை அறியப்படும். துளை ஒன்றுக்கு நான்கு நிலைகள் உண்டு. இரண்டிலும் இருள், ஒன்றில் மட்டும் ஒளி, இரண்டிலும் ஒளி, மற்றதில் மட்டும் ஒளி என்பன அவை. சக்கரத்தில் 72 துளைகள் உள எனக் கொள்ளின், ஒரு சுற்றுக்கு 288 படிகள் கிடைக்கும். அஃதாவது ஒன்றேகால் பாகைத் திருப்பத்தையும் யந்திரம் எண்ணிவிடும்.

இவ்வமைப்பு குமிழ் நிற்கும் இடத்தை அறியாது. அது நகர்ந்த அளவை மட்டுமே எண்ணும். ஆதலின் எண்ணுதலில் சோம்பல் ஆகாது. யந்திரம் ஒருமுறை பார்த்து மறுமுறை பார்ப்பதற்குள் மூன்று நிலைகள் கடந்து போமாயின், குமிழ் எதிர்த்திசையில் ஒரு படி சென்றதாகவே அதற்குத் தோன்றும். மிக விரைவாகச் சுழற்றுங்கால் திரையிலுள்ள உருவம் பின்னோக்கிப் பாய்தற்குக் காரணம் இதுவே.

இனி, இழுத்தலும் தள்ளலும் எங்ஙனம் வந்தன என்பதைக் காண்போம். 1982ஆம் ஆண்டில் வெளிவந்த டிரான் என்னும் திரைப்படத்தை ஒட்டி, பாலி மிட்வே நிறுவனத்தார் 1983ஆம் ஆண்டில் டிஸ்க்ஸ் ஆஃப் டிரான் என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அதில் ஆடுபவன் மேடைமேல் நின்று எதிரே நிற்கும் பகைவன்மீது வட்டெறிவான். ஒரு கையிலுள்ள ஜாய்ஸ்டிக் அவனை நடத்தும். மறு கையிலுள்ள குமிழ் அவனது குறியைத் திருப்பும். மேற்செல்லும் கட்டங்களில் மேடைகள் உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்குமாதலின், குறியையும் உயர்த்தவும் தாழ்த்தவும் வேண்டும். அதற்கென வேறொரு கைப்பிடியை அமைத்தால், பிடித்தற்கு மூன்றாவது கை ஏது? ஆதலின் அக்குமிழையே மேலே இழுக்கவும் கீழே தள்ளவும் தகுமாறு ஆக்கினர்.

நிரலின் நோக்கில் இது மிக எளிது. மேலே ஒரு ஸ்விட்ச், கீழே ஒரு ஸ்விட்ச். இரண்டும் தொடப்படாதிருத்தல் நடுநிலை. ஆயின் கருவி செய்வோனுக்கு இது பெருஞ் சோதனையாம். தண்டு சுழலவும் வேண்டும், மேலுங் கீழும் வழுக்கவும் வேண்டும். துளைச்சக்கரம் தண்டோடு ஏறியிறங்குமாயின், ஒளிக்கண்களினின்று அது விலகிவிடாதபடி போதிய இடம் விடவேண்டும். அன்றேல், தண்டு சக்கரத்தினூடே வழுக்கிச் செல்லவும், சுழலுங்கால் அதனைத் தன்னோடு திருப்பவும் வல்லதாக வரிப்பள்ளம் அமைக்கவேண்டும். நடுநிலைக்கு மீட்க வில் வைப்பின், அது தளர்ந்திருந்தால் எண்ணாமலே குறி உயரும். இறுகியிருந்தால் அழுத்தும் முயற்சியிலே திருப்பம் பிழைக்கும். தள்ளுங்கால் சுழலாமையும் சுழற்றுங்கால் தள்ளப்படாமையும் ஆகிய இரண்டும் ஒருங்கே அமைதலே இக்கருவியின் இலக்கணம் என்க.

இதுகாறும் கூறியது எம் கருத்திற்குத் தோற்றுவாய். 1997ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மேம் என்னும் நிரலின் உதவியால், பழைய ஆர்கேட் ஆட்டங்கள் பலவற்றை இன்று வீட்டுக் கணினியிலேயே ஆடலாம். அழிந்துபோகக்கூடிய நிரல்களை ஓரெழுத்தும் குன்றாமற் காத்தமைக்காக அத்தொண்டு செய்தோர் யாவரும் போற்றற்குரியர். எனினும், நிரலைக் காத்தமையாலே ஆட்டத்தையும் காத்துவிட்டோம் என்று கூறுவார் கூற்றை யாம் ஒப்புகிலேம்.

விசைப்பலகையின் இரு பொத்தான்களே குறியை உயர்த்தவும் தாழ்த்தவும் போதுமே. நிரலுக்குச் செல்லும் செய்தி ஒன்றுதானே என்பர் அவர். செய்தி ஒன்றே; அதனை மறுக்கிலேம். ஆயின் அனுப்பும் கையின் தொழில் ஒன்றன்று. குமிழைப் பற்றிய கை, பிடியை விடாமலே இருபுறமும் மேலுங்கீழுமாகக் குறியை ஒரே வீச்சில் கொண்டுசெல்கின்றது. பொத்தானை நாடும் விரலோ குமிழை விட்டு நீங்குகின்றது. நீங்கிய அக்கணத்தே ஆட்டத்தின் உயிரும் நீங்குகின்றது. யாழின் நாதத்தைப் பதிவு செய்தபின் யாழ் எதற்கு என்பாருக்கு யாது விடை கூறுவோமோ, அதுவே இவர்க்கும் விடையாம். செலவு மிகுமே என்பது மெய். யாவரும் தத்தம் இல்லத்தில் இக்குமிழை வைத்தல் இயலாது. ஆயினும் அதன் அளவுகளும் வரைபடங்களும் செய்ம்முறையும் எழுதி வைக்கப்படல் வேண்டும். நிரலை நொடியில் நகலெடுக்கலாம். குமிழை ஒருவன் கையாற் செய்தல் வேண்டும். செய்வோனுடைய அறிவு எழுதப்படாது போமாயின், அஃது அவனோடே மறையும்.

இவ்வுண்மை விளையாட்டு யந்திரத்தின் அளவில் நிற்பதன்று. திரையில் காண்பதே சோதனை என்றும், தொட்டுச் செய்வது வீண் என்றும் எண்ணும் மனப்பான்மை மாணாக்கரிடையே பரவாதிருத்தல் வேண்டும் என்பது எம் விண்ணப்பம். பயன்படாது ஒதுக்கப்பட்ட பழைய உருண்டை மௌஸ் ஒன்றைத் திறந்து பாருங்கள். அதனுள்ளே துளையிட்ட சிறு சக்கரங்கள் இரண்டும், அவற்றின் அருகே ஒளி விளக்குகளும் கண்களும் இருக்கும். யாம் மேலே விரித்துரைத்த ஸ்பின்னரின் தத்துவம் முழுதும் அதனுள் அடங்கியுள்ளது. அதன் சக்கரமொன்றை ஒரு தண்டிற் கோத்து, மேலுங்கீழும் இரு ஸ்விட்சுகளை அமைத்து, சுழலவும் வழுக்கவும் தக்க குமிழ் ஒன்றைச் செய்ய முயலுங்கள். முதன்முறை அது தள்ளும்போதே சுழலும். இரண்டாமுறை இறுகி நிற்கும். எதனால் என்று ஆராய்ந்து திருத்துங்கால் பெறும் அறிவு எந்தத் திரையிலும் தோன்றாது. அவ்வறிவைப் பெற்றோர், தாம் செய்த முறையை அளவுகளோடு எழுதியும் வைப்பார்களாக.