“என்னண்ணே, இளைச்சிட்டீங்க?”

வானொலியில் நீரிழிவைப் பற்றிப் பேசும் நாள்களில் நேயர்களிடமிருந்து நிறைய குரல் பதிவுகள் வரும். “என்ன சாப்பிடலாம்?” என்று கேட்பவர்கள் இப்போது குறைவு. சோற்றைக் குறைக்கணும், காய்கறியைக் கூட்டணும், தே தாரிக்கை விடணும் என்பதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். “ஆரம்பிச்சிட்டேன், ஆனா தொடர முடியலையே?” என்பதுதான் இப்போது அதிகம் வரும் கேள்வி.

ஏன் என்று கேட்டால் முதலில் நாக்கைக் குறை சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் பேசவிட்டால் வேறு விஷயம் வெளியே வரும். கல்யாண மண்டபத்தில் ஒரு சித்தி, “என்னப்பா, முகமே வாடிப்போச்சு! சுகர் கூடிடுச்சா?” என்று கேட்டிருப்பார். நான்கு மாதம் பாடுபட்டு ஆறு கிலோ குறைத்தவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும். மறுநாள் காலையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துவிடுவார்.

நல்ல உடம்போடு இருப்பவர் எடையைக் குறைத்தால் பாராட்டுகிறோம். நீரிழிவு உள்ளவர் குறைத்தால் பரிதாபப்படுகிறோம். இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு ஆளை உருக்கிவிடும். இரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடல், கொழுப்பையும் தசையையும் கரைக்கத் தொடங்கும். எந்த முயற்சியும் இல்லாமல் எடை இறங்கி, தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் சேர்ந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் அளவோடு சாப்பிட்டு, தினமும் நடந்து குறைத்த எடை அப்படிப்பட்டதல்ல.

எது எது என்று பார்க்க எச்பிஏ1சி பரிசோதனை உதவும். சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்கின்றன. அவற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வைத்து, கடந்த இரண்டு மூன்று மாதம் எப்படிப் போனது என்று இந்தப் பரிசோதனை காட்டும். எடையோடு இதுவும் குறைந்திருந்தால், சித்தி பார்த்தது வாட்டம் அல்ல, வெற்றி.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. எடை குறைப்பு இவர்களில் பலருக்கு மருந்துக்கு நிகரான பலன் தரக்கூடியது. பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் கடுமையான உணவுமுறையைப் பின்பற்றினார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு, நீரிழிவு மருந்து இல்லாமலே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே வந்திருந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் அது 86 விழுக்காடு. எல்லாராலும் அவ்வளவு குறைக்க முடியாது. ஆனால் 80 கிலோ உள்ளவர் நான்கைந்து கிலோ குறைத்தாலும் சர்க்கரையில் மாற்றம் தெரியும்.

சில மாதங்கள் கழித்து தராசு முள் அசையாமல் நிற்கும். உடம்பு சிறுத்தால் அதற்குத் தேவைப்படும் சக்தியும் குறையும், பசியோ கூடும். அதனால் வரும் தேக்கம் இது, உங்கள் மன உறுதி குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அப்போது இடுப்பை அளந்து பாருங்கள், படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள். ஒரு திறந்த இல்ல உபசரிப்பில் கை மீறிப் போய்விட்டதா? “திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போடாமல், அடுத்த வேளைச் சாப்பாட்டிலேயே திரும்பிவிடுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் வேலை இருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் தனிச் சட்டி, தனிச் சாப்பாடு என்றால், மேசையில் அவர் ஒருவர்தான் நோயாளி. சுகாதார அமைச்சின் ‘சுக்கு சுக்கு செபாரோ’ தட்டு எல்லாருக்கும் பொருந்தும். கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். தோசையை விட வேண்டாம், ஒன்றைக் குறைத்துச் சாம்பாரில் காயைக் கூட்டுங்கள். மாமாக் கடையில் அப்பா தே ஓ கோசோங் சொன்னால், உடன் போகிறவரும் அதையே சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இன்சுலின் அல்லது கிளிக்லசைட் போன்ற மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். முதலில் கிளினிக்கில் பேசி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இனி சொந்தக்காரர் யாராவது மெலிந்து வந்தால், “முகம் வாடிப்போச்சே” என்ற பேச்சு வேண்டாம். “மூணு மாசக் கணக்கு எப்படி வந்துச்சு மாமா?” என்று கேளுங்கள். குறைந்திருந்தால் வாய்விட்டுப் பாராட்டுங்கள். கூடியிருந்தால், அடுத்த கிளினிக் தேதியைக் கேட்டு நீங்களும் கூடப் போங்கள்.