லமினேற் மட்டையும் தட்டுற போனும்

2022 ஓகஸ்ட். பெற்றோல் செட் வரிசையில் மூண்டு மணித்தியாலமாக நிக்கிறேன். எனக்கு முன்னால இன்னும் நாலு மோட்டார் சைக்கிள்தான். அந்த நேரம் பார்த்து போன் செத்துப்போச்சு. எரிபொருள் கியூஆர் போனுக்குள்ள. பாஸ் இருக்கு, ஆனா காட்ட ஏலாது.

எனக்குப் பின்னால நிண்ட ஐயாவிட்ட ஸ்மார்ட்போனே இல்லை. சேர்ட் பொக்கெற்றுக்குள்ள இருந்து ஒரு சின்ன மட்டையை எடுத்தார். கொமினிகேசன் கடையில பிரின்ற் எடுத்து லமினேற் செய்த அதே கியூஆர். "தம்பி, நீரும் இப்பிடி ஒண்டு அடிச்சு வையும்" எண்டார். ஸ்கான் பண்ணினார்கள், அந்தக் கிழமைக்குரிய நாலு லீற்றரையும் அடிச்சுக்கொண்டு போனார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டை வந்தேன்.

இப்ப எல்லாரும் போனைத்தான் பேர்ஸ் ஆக்கச் சொல்லுகினம். வங்கி அட்டை, விமான போர்டிங் பாஸ், படத்துக்கு ரிக்கெற், கடையின்ர லோயல்ரி கார்ட் எல்லாம் ஒரு செயலிக்குள்ள. காசு கட்ட மெஷினில தட்டினால் சரி. எனக்கு அதில வெறுப்பு இல்லை. உண்மையைச் சொன்னால், பிளாஸ்ரிக் அட்டையை விட போன் பாதுகாப்பானதும்கூட. தட்டிக் கட்டுற அட்டை துலைஞ்சால், குறிப்பிட்ட தொகை வரைக்கும் எடுத்தவர் பின் நம்பர் இல்லாமலே தட்டலாம். போனில எண்டால் பொதுவாகக் கைரேகையோ முகமோ பூட்டு இலக்கமோ வேணும். அதோட உங்கட அட்டையின்ர உண்மையான இலக்கம் கடைக்காரரிட்டப் போறதில்லை. அதுக்குப் பதிலாக ஒரு மாற்று இலக்கமும், அந்த ஒருமுறைக்கு மட்டும் செல்லுபடியாகிற ஒரு குறியீடும்தான் போகும். இடையில ஆரும் களவெடுத்தாலும் அதால இன்னொருக்காக் கட்ட ஏலாது.

எரிபொருள் கியூஆர் இதுக்கு நேரெதிர். அது வெறும் படம். ஸ்கிரீன்சொட் எடுக்கலாம், வட்ஸ்அப்பில அனுப்பலாம், கடதாசியில அடிக்கலாம். ஆராவது உங்கட கியூஆரைப் படம் பிடிச்சால் உங்கட பங்குப் பெற்றோலை அவர் அடிக்கலாம். பாதுகாப்பு எண்டு பார்த்தால் அது பலவீனமானதுதான்.

ஆனா அந்தப் பலவீனம்தான் ஐயாவுக்குக் கதவைத் திறந்தது. பதிவு செய்யேக்க அடையாள அட்டை இலக்கமும் வாகன இலக்கமும் சசி நம்பரும் கேட்டது. அதை மகனோ கடைக்காரத் தம்பியோ ஒருக்காச் செய்து குடுத்தால் போதும். பிறகு அவருக்குப் போன் தேவையில்லை, சார்ஜ் தேவையில்லை, டேற்றா தேவையில்லை. செட்காரரிட்ட மெஷின் வேலை செய்தால் சரி. தட்டுற பாஸை இப்பிடிப் பிரின்ற் எடுக்க ஏலாது. அது ஒரு போனுக்குள்ள பூட்டப்பட்டது. பூட்டு இறுக இறுகப் பாதுகாப்புக் கூடும், உள்ள வரக்கூடிய ஆக்கள் குறைவினம். இந்த ரெண்டையும் ஒண்டாகத்தான் யோசிக்க வேணும்.

எங்கட பக்கத்தில பாஸ் எண்ட சொல்லுக்கு வேற ஒரு நினைவும் இருக்கு. 90களில் குடாநாட்டை விட்டு வெளிக்கிடப் புலிகளிட்டப் பாஸ் எடுக்க வேணும். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடுப்பட்ட பிறகு, கப்பலிலோ விமானத்திலோ யாழ்ப்பாணத்தை விட்டுப் போக இராணுவத்திட்ட கிளியரன்ஸ் எடுக்க வேணும். அம்மா இப்பவும் அடையாள அட்டையைப் பொலித்தீன் பைக்குள்ள சுத்தித்தான் கைப்பையில வைக்கிறா. அது பழைய ஆக்களின்ர வீண் பயம் எண்டு நான் கனகாலம் சிரிச்சிருக்கிறேன். இப்ப சிரிக்கிறேல்லை. காட்ட வேண்டிய நேரத்தில காட்ட ஏலாத பாஸுக்கு என்ன பெறுமதி எண்டு அவவுக்கு எங்களை விட நல்லாத் தெரியும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. கடதாசிப் பாஸை ஒருத்தர் பார்த்துத் திருப்பித் தருவார். டிஜிற்றல் பாஸ் ஒவ்வொருக்காலும், எந்த நேரம், எந்த இடம் எண்டு பதிவு வைக்கும். வசதிக்காக நாங்கள் விரும்பிக் குடுக்கிற தகவல்தான். ஆனா அதை ஆர் வைச்சிருக்கினம், எவ்வளவு காலத்துக்கு, ஆர் கேட்டால் குடுப்பினம்? சோதனைச்சாவடிகளுக்குள்ள வளர்ந்த ஒரு சமூகம் இந்தக் கேள்வியைக் கேக்கிறது இயல்பு. கேக்காமல் விடுறதுதான் புதினம்.

இதை இப்ப எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. 2025 பெப்ரவரியில் அரசாங்கக் கட்டணங்களை ஒன்லைனில் கட்டுற கவ்பே தொடங்கியாச்சு. டிஜிற்றல் அடையாள அட்டைக்கான வேலையும் நடக்குது. வரட்டும். வரிசையில காயாமல் வேலை முடிஞ்சால் ஆருக்குத்தான் கசக்கும்? ஆனா மூண்டு விசயத்தை இப்பவே கேட்டு வைப்பம். அரசாங்கம் தாற எந்தப் பாஸும் கடதாசியிலயும் செல்லுபடியாக வேணும். பஸ்சிலயும் ஆஸ்பத்திரியிலயும் காசை வாங்க மாட்டம் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. எங்கட பயணமும் செலவும் எங்க பதிவாகுது எண்டு எங்கட மொழியில, விளங்கிற மாதிரிச் சொல்ல வேணும்.

போனைப் பாவிக்கிற நாங்களும் ஒண்டு செய்யலாம். திரைப்பூட்டுப் போடுங்கோ. போன் துலைஞ்சால் தூர இருந்து அழிக்கிற வசதியைப் போட்டு வையுங்கோ. வங்கியின்ர அவசர இலக்கத்தைப் போனுக்குள்ள மட்டும் இல்லாமல் ஒரு துண்டிலயும் எழுதி வையுங்கோ. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் நிண்டதை மறந்துபோகாதேங்கோ.

எரிபொருள் கியூஆர் முறை 2023 செப்ரெம்பரோட நிண்டுபோச்சு. அண்டைக்கு ஐயா சொன்னதைக் கேட்டு அடுத்த நாளே அடிச்ச லமினேற் மட்டை இன்னும் என்ர பேர்ஸுக்குள்ள கிடக்கு. எறிய மனம் வரேல்லை. அடுத்த முறை ஏதாவது ஒரு செயலியை வீட்டில அறிமுகப்படுத்தேக்க, இது அம்மம்மாவுக்கும் சரிவருமா எண்டு முதலில கேக்கோணும் எண்டு அது ஞாபகப்படுத்துது.