மெயிலில் பக்கா இங்கிலீஷ்... நேரில் 'டிட் யூ வென்ட்'!

லீவ் கேட்டு மேனேஜருக்கு மெயில் போடணும். மனசுல தோணுறதைத் தங்கிலீஷில் ஏ.ஐ சாட்பாட்டில் தட்டுறீங்க. சில விநாடிகளில் மெயில் ரெடி. டென்ஸ் சரி, ஆர்ட்டிகிள் சரி, கமாகூட இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. மறுநாள் அதே மேனேஜர் எதிரே வந்து, "வாட் ஹேப்பண்ட்?" என்கிறார். மெயிலில் அவ்வளவு அழகாக எழுதிய நீங்கள், "ஆக்சுவலி சார்..." என்பதைத் தாண்ட முடியாமல் நிற்கிறீர்கள்.

இது உங்க ஒருத்தர் பிரச்னை இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை 12 வருஷம் ஆங்கிலம் படித்துவிட்டுத்தான் காலேஜுக்கே வருகிறோம். அப்படியும் வாய் வரவில்லை. நல்லா எழுதப்பட்ட மெயில் ஒரு காலத்தில் உங்க ஆங்கிலத்துக்குச் சாட்சி. இப்போ அந்தச் சாட்சி செல்லாது. எல்லாருக்கும் ஃபோன்தானே எழுதித் தருது! மிச்சம் இருப்பது நேரில் பேசும் அந்தச் சில நிமிடங்கள்தான்.

ஐ.இ.எல்.டி.எஸ் எழுதி பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு எழுத்தில் 6.5 போதும், பேச்சில் 7 வேண்டும். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். எக்ஸாமினரும் நீங்களும் மட்டும்தான். அதில் கால் பங்கு மதிப்பெண் கிராமருக்கு. அதனால, "கிராமரே வேணாம் ப்ரோ, சும்மா பேசுங்க" என்கிற ரீல்ஸை அப்படியே நம்பிடாதீங்க. கிராமர் வேண்டும். ஆனால், ஸ்கூலில் படித்த வரிசையில் வேண்டாம்.

ஸ்கூலில் 'நவுன் என்றால் என்ன' என்று ஆரம்பித்து, ஆக்டிவ் வாய்ஸை பேஸிவ் வாய்ஸாக மாற்றி மார்க் வாங்கினோம். நாம் தடுக்கி விழும் இடமோ வேறு. தமிழும் ஆங்கிலமும் எங்கே பிரிகிறதோ, அங்கேதான் விழுகிறோம்.

இன்டர்வியூவில் நிச்சயம் வரும் ஒரு பதிலை எடுத்துக்கோங்க. "மூணு வருஷமா இங்க வேலை செய்றேன்." தமிழில் இது நிகழ்காலம். அதை அப்படியே தூக்கிப் போட்டு, "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்கிறோம். ஆங்கிலமோ அன்று தொடங்கி இன்றுவரை நீளும் வேலைக்குத் தனி வடிவம் கேட்கிறது: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்." எவ்வளவு காலம் என்றால் 'ஃபார்', எப்போதிலிருந்து என்றால் 'சின்ஸ்', அதாவது 'சின்ஸ் 2022'.

அடுத்து, கேள்வி. "போனியா?" தமிழில் கடைசியில் ஒரு 'ஆ' சேர்த்தால் வேலை முடிஞ்சுது. ஆங்கிலத்தில் 'டிட்' முன்னால் வந்து இறந்தகாலத்தைத் தானே சுமந்துகொள்ளும். அதனால் 'வென்ட்' மறுபடி 'கோ' ஆகணும். 'டிட் யூ வென்ட்' என்றால் இறந்தகாலத்தை ரெண்டு தடவை சொல்றீங்கன்னு அர்த்தம்.

சில இடங்களில் தமிழே கைகொடுக்கும். "கோவா போயிருக்கேன்" என்றால் 'ஐ ஹேவ் பீன் டு கோவா'. "போன வருஷம் போனேன்" என்றால் 'ஐ வென்ட்'. எப்போது என்று சொல்லிவிட்டால் 'ஹேவ்' வராது, அவ்வளவுதான். 'எ', 'த' ஆர்ட்டிகிள் குழப்பத்தை இப்போதைக்கு விட்டுத்தள்ளுங்க. தமிழில் 'த'-வுக்கு நேரான சொல்லே இல்லை, பழக நாளாகும். அது தப்பினாலும் பெரும்பாலும் அர்த்தம் கெடாது. அதுக்காகப் பேச்சை நிறுத்தாதீங்க.

'பிகினர் டு அட்வான்ஸ்டு' கோர்ஸ் விளம்பரங்களில் ஏ1, பி2 என்றெல்லாம் பார்த்திருப்பீர்கள். 2001-ல் ஐரோப்பிய கவுன்சில் வெளியிட்ட ஆறு படிநிலைகள் அவை. ஏ1-ல் தொடங்கி சி2 வரை போகும். எத்தனை கிராமர் பாடம் முடித்தீர்கள் என்பதை வைத்து அல்ல, அந்த மொழியில் உங்களால் என்ன செய்ய முடியும் என்பதை வைத்துத்தான் அவை வகுக்கப்பட்டிருக்கின்றன. புத்தகம் வேண்டுமா? கேம்பிரிட்ஜ் வெளியிடும் 'கிராமர் இன் யூஸ்' வரிசையில் சிவப்பு ஆரம்பநிலைக்கு, நீலம் நடுநிலைக்கு, பச்சை மேல்நிலைக்கு. கெத்துக்காகப் பச்சையை வாங்கி அலமாரியில் வைப்பதைவிட, சிவப்பை வாங்கி முடிக்கலாம். வெட்கமே வேண்டாம்.

சாட்பாட்டையும் தூக்கிப் போட வேண்டியதில்லை, வேலையை மட்டும் தலைகீழாக்குங்க. முதலில் நீங்க ஒரு நிமிடம் பேசி ரெக்கார்டு பண்ணுங்க. அதைக் கேட்டு, பேசினது பேசினபடியே டைப் செய்யுங்க. வாய்ஸ் டைப்பிங் வேண்டாம், சில நேரம் அதுவே தப்பைத் திருத்திவிடும். பிறகு, "திருத்தித் தா" என்று கேட்காமல், "டென்ஸ் தப்பு எந்த வரியில்னு மட்டும் சொல்லு, நான் திருத்துறேன்" என்று கேளுங்க. திருத்தியதும் பேப்பரைப் பார்க்காமல் மறுபடி பேசுங்க. முதல் தலைப்பு ரெடியாத்தான் இருக்கு: நேற்று ஏன் லீவ் போட்டீங்க?